மானேஜர் எத்தனை மேஜை தள்ளி?

எங்கள் வானகரத்தில் இலவசமாகக் கிடைப்பது இரண்டு. ஒன்று பைபாஸ் தூசி, இன்னொன்று வெயில். அந்த வெயிலை மருந்தாக நம்பி மொட்டை மாடியில் போய் உட்கார்ந்தான் என் நண்பன். உதட்டோரம் வெண்புள்ளி. வீட்டிலோ மும்முரமாகப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ சொன்னார்கள் என்று கார்போகரிசி எண்ணெயைத் தடவிக்கொண்டு ஒரு மணி நேரம் காய்ந்தான். இரண்டே நாளில் உதடெல்லாம் கொப்புளம், முகம் உப்பின பூரி!

"வெயில் மேலயும் தப்பில்ல, எண்ணெய் மேலயும் தப்பில்ல சார். அளவுதான் தப்பு" என்றார் தோல் டாக்டர். கார்போகரிசியில் உள்ள சோரலென் இருட்டில் பரம சாது. வெளிச்சம் பட்டால்தான் முழித்துக்கொள்ளும்.

இதே மாதிரி தூங்குமூஞ்சி மருந்துகள் புற்றுநோய்க்கும் உண்டு. 1993-ல் கனடா அனுமதித்த ஃபோட்டோஃப்ரின் ஊசியைப் போட்டு, கட்டி மேல் சிவப்பு லேசரைக் காட்டினால், மருந்து அங்குள்ள ஆக்சிஜனை உசுப்பிவிட்டு செல்லைக் கொல்லும். இந்த ஜாதி மருந்துகள் நீல வெளிச்சத்தில் சிவப்பாக ஒளிர்ந்து, கட்டி எங்கே பதுங்கியிருக்கிறது என்றும் போட்டுக் கொடுத்துவிடும். ஆனால் ஃபோட்டோஃப்ரின் தோலிலும் தங்கிவிடுகிறதே! குறைந்தது 30 நாள் வெயிலில் தலைகாட்டக் கூடாது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கு நிற்கிற நமக்கு ஆகிற காரியமா? லீவு யார் கொடுப்பார்கள்?

கொஞ்சம் மருந்திலேயே நிறைய வேலை வாங்கினால்? அங்கேதான் வெள்ளி வருகிறது. கொலுசு இல்லை சார், கண்ணுக்கே தெரியாத நானோ துகள். வெளிச்சம் பட்டதும் அதிலுள்ள எலெக்ட்ரான்கள் கூட்டமாக ஆட, சுற்றிலும் ஒளியின் வீரியம் ஏறும். பக்கத்திலிருக்கும் மருந்துக்குக் கொண்டாட்டம். ஒளிர்வு மட்டுமல்ல, செல்லைக் கொல்லும் ஆக்சிஜனும் கூடுகிறது என்று அமெரிக்காவில் மேரிலாந்தைச் சேர்ந்த கிறிஸ் கெடஸ் குழு 2008-ல் எழுதியது.

ஆனால் இடைவெளி முக்கியம். மருந்து துகளோடு ஒட்டிக்கொண்டால், துகளே சக்தியை விழுங்கி ஒளிர்வை அணைத்துவிடும். சுமார் 10 நானோமீட்டர் தள்ளியிருந்தால் ஜொலிக்கும். காகிதத் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு! மானேஜர் தோளுக்குப் பின்னால் நின்றால் நமக்கு ஃபைல் நகருமா? நாலு மேஜை தள்ளி உட்கார்ந்தால் பறக்கும். வேறு மாடிக்கே போய்விட்டால்... அதைச் சொல்லணுமா!

இதெல்லாம் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தோடு சரி. உள்ளே போன வெள்ளி உடம்பை என்ன செய்யும், எப்படி வெளியே வரும் என்ற கேள்விகள் பாக்கி.

நண்பனுக்கு இப்போது வாரம் இரண்டு நாள் கிளினிக்கில் விளக்கு வெளிச்சம். நிமிஷக் கணக்கு நர்ஸ் கையில். மொட்டை மாடிச் சாவி அவன் அம்மா இடுப்பில்.