தரையை நனைத்த நாய்

1889ஆம் ஆண்டு. அப்போது ஜெர்மனியின் ஆளுகையில் இருந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரில், ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் நாய் ஒன்றைக் கட்டிவைத்திருந்தார்கள். நன்றாகப் பழக்கப்பட்ட நாய். வெளியே கூட்டிப்போனால்தான் சிறுநீர் கழிக்கும். அது திடீரென்று அறைக்குள்ளேயே, அதுவும் அடிக்கடி, தரையை நனைக்கத் தொடங்கியது. வேளாவேளைக்கு வெளியே விடவில்லையா என்று பணியாளரைக் கடிந்துகொண்டார் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கி என்ற இளம் மருத்துவர். விடத்தான் செய்கிறேன், போய்விட்டு உள்ளே வந்த கையோடு மறுபடியும் போகிறது என்றார் பணியாளர். பின்னாளில் மின்கோவ்ஸ்கியே நினைவுகூர்ந்த சம்பவம் இது. கோபத்தை ஒதுக்கிவிட்டு அவர் அந்தச் சிறுநீரை எடுத்துச் சோதித்துப் பார்த்தார். சர்க்கரை ஏராளமாக இருந்தது.

அவரும் யோசெஃப் ஃபான் மேரிங்கும் அதற்குச் சற்று முன்புதான் அந்த நாயின் கணையத்தை முழுவதுமாக அகற்றியிருந்தார்கள். கொழுப்பு செரிப்பதில் கணையத்துக்கு என்ன பங்கு என்பதுதான் அவர்கள் தேடிய விடை. கிடைத்ததோ அதைவிடப் பெரியது: கணையம் போனால் நீரிழிவு வரும். அந்தத் தடத்தில் நடந்துதான் 1921இல் டொராண்டோவில் பேண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினை எட்டினார்கள். இன்று நம் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கும் இன்சுலின் குப்பிக்குப் பின்னால் நனைந்த ஒரு தரை இருக்கிறது. பெயர்கூடத் தெரியாத அந்த நாய்க்கு நாம் பட்ட கடன் இருக்கிறது.

பல வருடம் ஒழுங்காக இருந்த நாய் ஒருநாள் நடுராத்திரியில் ஹாலில் ஒன்றுக்குப் போய்விட்டால் நமக்கும் முதலில் வருவது கோபம்தான். 'வேணும்னே பண்ணுது' என்கிறோம். அதன் உடம்புக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் அப்படிச் சொல்ல மனம் வராது.

சிறுநீர்ப்பை என்பது தசையாலான பை. அதன் வாயில் ஒரு சுருக்குத்தசை. பை நிரம்ப நிரம்ப அதன் சுவரிலுள்ள நரம்புகள் மூளைக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். மூளைத்தண்டிலுள்ள ஒரு மையம் 'இப்போது' என்று சொன்னால்தான் பை சுருங்கும், வாய் திறக்கும். குட்டிக்கு அந்த 'இப்போது' எந்த நேரமும் வரும். நாம் நாயைப் பழக்கினோம் என்று சொல்வது, வாசல் தாண்டும்வரை அதைத் தள்ளிப்போட நாய் கற்றுக்கொண்டதைத்தான்.

ஆனால் எட்டு மணி நேரம் அடக்கிவைக்க மனக்கட்டுப்பாடு மட்டும் போதாது. அங்கே கைகொடுப்பது சிறுநீரகம். தூங்கும் நாய் தண்ணீர் குடிப்பதில்லை. உடம்பில் நீர் குறைவதை உணர்ந்து மூளை வாசோபிரெசின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீரகக் குழாய்களின் கடைசிப் பகுதியில் தண்ணீர் மட்டும் புகக்கூடிய நுண்ணிய வழிகள் அதனால் திறக்கின்றன. அக்வாபோரின் எனப்படும் இவ்வகை வழிகளைக் கண்டறிந்ததற்காகத்தான் பீட்டர் ஆக்ரேக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வெளியே போக இருந்த தண்ணீர் அவற்றின் வழியே உடம்புக்கே திரும்பிவிடுகிறது. காலையில் நாய் கழிக்கும் முதல் சிறுநீர் அடர்மஞ்சளாக இருப்பது இதனால்தான்.

இந்த ஏற்பாடு பல விதங்களில் கெடும். நீரிழிவு வந்த நாயின் ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால், மிச்சம் சிறுநீரில் வழியத் தொடங்கும். போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். சிறுநீரகம் தளர்ந்த கிழநாயால் சிறுநீரை அடர்த்தியாக்கவே முடியாது. அரிப்புக்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை வாசோபிரெசினின் வேலையைக் கெடுக்கும். பகலில் நாலைந்து முறை வெளியே போய்வரும் நாயிடம் இதெல்லாம் வெளியே தெரியாது. கதவு சாத்திய அந்த எட்டு மணி நேரத்தில்தான் குட்டு உடைகிறது.

அதனால் துடைப்பதற்கு முன் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். ஈரம் எங்கே இருக்கிறது? கதவோரம் தேங்கிக் கிடந்தால், நாய் விழித்து, எழுந்து, வாசல்வரை வந்து, முடியாமல் போயிருக்கிறது. படுத்திருந்த விரிப்பில் வட்டமாக ஈரமும், பின்னங்கால் முடியில் பிசுபிசுப்பும் இருந்தால் கதை வேறு. அது கழிக்கவில்லை; தூக்கத்தில் தானாகக் கசிந்திருக்கிறது. கருத்தடை செய்த பெண் நாய்களில் சிலவற்றுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைந்து சுருக்குத்தசை தளர்வதால் இப்படி நேரும். நாய்க்கே அது தெரியாது. இதற்கு மருந்து உண்டு, பெரும்பாலும் நன்றாகவே கேட்கும்.

சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனாலோ ரத்தம் கலந்திருந்தாலோ கிருமித்தொற்றாகவோ கல்லாகவோ இருக்கலாம். மூட்டு வலிக்கும் நாய் படி இறங்கத் தயங்கி அடக்கி அடக்கிக் கடைசியில் விட்டுவிடும். வெடிச்சத்தத்தில் நடுங்கிப் போகிற நாயும் உண்டு. முதுமையில் ராத்திரி பகல் தெரியாமல் குழம்புகிற நாயும் உண்டு. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும்: கருத்தடை செய்யாத பெண் நாய், சூட்டுக்கு வந்து சில வாரங்களில் அதிகமாகத் தண்ணீர் குடித்து, சோர்ந்து, சாப்பிடாமல் இருந்தால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

'தப்புப் பண்ணியது அதுக்கே தெரியும், மூஞ்சியைப் பாருங்க' என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்தார். நாய்களின் அந்தக் குற்றமுகம், அவை தப்புச் செய்தனவா என்பதைப் பொறுத்து வரவில்லை. வளர்த்தவர் திட்டினாரா என்பதைப் பொறுத்தே வந்தது. தப்பே செய்யாத நாயும் திட்டினால் அப்படித்தான் முகத்தை வைத்துக்கொண்டது. காலையில் காட்டும் கோபத்தை ராத்திரி நடந்ததோடு நாயால் முடிச்சுப்போட முடியாது. நம்மைக் கண்டு பயப்படத்தான் கற்றுக்கொள்ளும். அடுத்த தடவை சோபாவுக்குப் பின்னால் போய்க் கழிக்கும்.

துடைக்கும்போது பினாயிலை நம்பாதீர்கள். நம் மூக்குக்குத்தான் அது வாடையை மறைக்கும், நாயின் மூக்குக்கு அல்ல. அம்மோனியா கலந்த திரவம் இன்னும் மோசம்; சிறுநீர் வாடையை ஒத்திருப்பதால் அதே இடத்துக்கு மறுபடி அழைக்கும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதி கலந்த திரவம் வாடையின் மூலத்தையே சிதைக்கும்.

அப்புறம் இரண்டே வேலை. காலையில் கிண்ணத்தில் அளந்து தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்து பாருங்கள். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது 20 கிலோ நாய் இரண்டு லிட்டருக்கு மேல் குடித்தால் அது நோயின் அறிகுறி. விடிந்ததும் நாயை வெளியே கூட்டிப்போகும்போது, நீளக் காம்புள்ள பழைய குழம்புக் கரண்டியைக் கழுவி உலர்த்தி எடுத்துப்போங்கள். நாய் போகத் தொடங்கியதும் சத்தமில்லாமல் கரண்டியை நீட்டிப் பிடித்துச் சுத்தமான குப்பியில் ஊற்றி, ஒரு மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள்.

தயவுசெய்து ராத்திரி தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். நிறையக் குடிப்பதால் நிறையப் போகிறது என்று நமக்குத் தோன்றும். நோயுற்ற நாய்களில் பெரும்பாலும் நடப்பது தலைகீழ்: நிறையப் போய்விடுவதால்தான் அது தவித்துக் குடிக்கிறது.