எந்த லோடுக்கு எந்த ஹார்ஸ்?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டி, எண்ணூர் விரைவுச் சாலை ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றாலே போதும். சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டைப் பார்த்து டிரெய்லர்கள் ஒன்றின் வாலில் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும். முகப்பிலோ கதவோரத்திலோ நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 4018, 4625, 5530. வேடிக்கை பார்க்கிறவருக்கு அது வெறும் மாடல் பெயர். வண்டி வாங்கப் போகிறவருக்கு அதுதான் ஜாதகத்தின் முதல் வரி.

டாடா வண்டிகளில் முதல் இரண்டு இலக்கம், வண்டியும் டிரெய்லரும் சரக்கும் சேர்ந்த மொத்த எடையை ஏறக்குறைய டன்னில் சொல்கிறது. அடுத்த இரண்டையும் பத்தால் பெருக்கினால் குதிரைத்திறன். 4018 என்றால் 40 டன், 180 குதிரைத்திறன். 5530 என்றால் 55 டன், 300 குதிரைத்திறன். பெரிய எண்ணே நல்ல வண்டி என்று நினைத்து அட்வான்ஸ் கொடுப்பவர்கள்தான் பிறகு தவணை கட்ட முடியாமல் தவிக்கிறார்கள்.

இழுவை வண்டிக்கும் இந்த வட்டாரத்துக்கும் உறவு பழையது. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆன நிறுவனத்தின் தொழிற்சாலை எண்ணூரில் இருக்கிறது. இந்தியாவின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம் 1983-ல் சென்னைத் துறைமுகத்தில்தான் வந்தது. இன்று சென்னைத் துறைமுகம், எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்களுக்கும் திருவொற்றியூர், மணலி கன்டெய்னர் யார்டுகளுக்கும் இடையே ஓயாத ஓட்டம். பல வருடம் டிரைவராக ஓட்டிவிட்டு, ஃபைனான்ஸ் போட்டுப் பழைய ஹார்ஸ் (டிரெய்லரை இழுக்கும் முன் வண்டி) ஒன்று வாங்கி ஓனராகத் துடிப்பவர்களும் இங்கே நிறைய. இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

எடை முதலில், எஞ்சின் பிறகு

ஹார்ஸ், டிரெய்லர், காலி கன்டெய்னர், உள்ளே இருக்கும் சரக்கு ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் மொத்த எடை. இரண்டு ஆக்சில் ஹார்ஸும் மூன்று ஆக்சில் டிரெய்லரும் சேர்ந்த ஜோடிக்கு முன்பு 40.2 டன்தான் அனுமதி. 2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் எடையை உயர்த்தியது. முன் ஆக்சிலுக்கு 7 டன், பின் ஆக்சிலுக்கு 11.5 டன், டிரெய்லரின் மூன்று ஆக்சிலுக்கும் சேர்த்து 27 டன், ஆக 45.5 டன் என்று ஆனது. ஆக்சில் எத்தனை கூடினாலும் 55 டன்தான் உச்சவரம்பு.

இந்த எண்கள் நடைமுறையில் எப்படி வேலை செய்கின்றன என்று பாருங்கள். ஹார்ஸின் சொந்த எடை சுமார் 7 டன், கன்டெய்னர் மட்டும் ஏற்றும் எலும்புக்கூடு டிரெய்லர் சுமார் 6 டன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு 20 அடி கன்டெய்னர் சரக்கோடு சேர்ந்து 30.48 டன் வரை இருக்கலாம். கூட்டினால் ஏறக்குறைய 43.5 டன் ஆகிறது. அந்தப் பெட்டியைப் பழைய 40.2 டன் ஆர்சி உள்ள ஜோடியில் ஏற்றினால் ஓவர்லோடு; 45.5 டன் ஆர்சி இருந்தால் சட்டத்துக்குள். எஞ்சின் இரண்டிலும் இழுத்துவிடும். ஆர்சியில் எழுதியிருப்பதுதான் செக்போஸ்ட்டில் பேசும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000 ரூபாய், அதிகப்படிச் சரக்கை இறக்குகிற செலவும் ஓனர் தலையில்.

சின்னப் பெட்டிதானே, எடை குறைவாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர் ஏமாறுவார். 40 அடிப் பெட்டிக்கும் உச்ச எடை பெரும்பாலும் அதே 30.48 டன்தான். பஞ்சும் ஆயத்த ஆடையும் 40 அடியில் வரும். கிரானைட்டும் இரும்பும் 20 அடியில் வரும். ஏற்றுமதிப் பெட்டி என்றால், சரிபார்த்த எடை இல்லாமல் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுக்க விதி. எடைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே லோடுக்குத் தலையாட்டுங்கள்.

டர்ன் டேபிளில் விழும் பாரம்

மொத்த எடை சரியாக இருந்தும் வண்டி ஆட்டம் காட்டும். காரணம், பாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. டிரெய்லரின் முன்பக்க எடையைத் தாங்குவது ஹார்ஸின் முதுகில் இருக்கும் டர்ன் டேபிள். கனமான 20 அடிப் பெட்டியை 40 அடி டிரெய்லரின் வால் பக்கம் வைத்தால், குடோனில் கதவைத் திறந்து இறக்கச் சுலபம். ஆனால் டிரெய்லரை டர்ன் டேபிளில் பூட்டும் கிங் பின்னில் விழும் எடை குறைந்து, இழுக்கிற சக்கரங்களுக்குப் பிடிப்பு போய்விடும். மழை பெய்த ரோட்டில் சக்கரம் அந்த இடத்திலேயே சுழலும். முன்பக்கம் தள்ளி வைத்தால் ஹார்ஸின் பின் ஆக்சில் 11.5 டன்னைத் தாண்டும். நடுவில் வைப்பதுதான் பாதுகாப்பு.

ஹார்ஸை மாட்டுகிற வேலையை யார்டில் கவனித்துப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். டிரைவர் ரிவர்ஸில் மெல்ல வந்து டிரெய்லரின் வயிற்றுக்குள் நுழைகிறார். கிங் பின் தாடைக்குள் விழுந்து பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்கிறது. அனுபவசாலி அதை நம்பிவிட மாட்டார். டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துவைத்து, முதல் கியரில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். இறங்கி, டார்ச் அடித்துப் பூட்டைப் பார்ப்பார். பிறகு இரண்டு ஏர் ஹோஸ், லைட் ஒயர், கடைசியாக டிரெய்லரின் முன்கால்களைச் சுற்றித் தூக்குவது, நான்கு மூலை லாக்கும் விழுந்திருக்கிறதா என்று சுற்றி வருவது. வாங்கப்போகிற ஹார்ஸையும் இப்படி மாட்டிப் பாருங்கள். பூட்டிய பிறகும் கிங் பின் முன்னும் பின்னும் ஆடினால், தாடையோ பின்னோ தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

நிறுத்துகிற பலம்

180 குதிரைத்திறனில் 40 டன்னை நகர்த்திவிடலாம். வேகம் வந்த பிறகு நிறுத்துவதில்தான் வண்டியின் தரம் தெரியும். ஏர் ஹோஸ் இரண்டில் ஒன்று டிரெய்லருக்குக் காற்று நிரப்புவது, மற்றது பிரேக் மிதிக்கும்போது வேலை செய்வது. முதல் ஹோஸ் அறுந்தால் டிரெய்லர் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ள வேண்டும். அது வேலை செய்கிறதா என்று நிற்கிற வண்டியில் ஹோஸைக் கழற்றியே சோதிக்கலாம். டிரெய்லர் பிரேக் வலுவில்லாமல் ஹார்ஸ் மட்டும் பிடித்தால், பின்னால் வருகிற முப்பது டன் முன்னே தள்ளும். வளைவில் அப்படி ஆனால் வண்டி நடுவில் மடங்கிவிடும். எஞ்சினை ஆஃப் செய்து கால் மணி நேரம் விட்டு, ஏர் மீட்டர் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது காசு செலவில்லாத சோதனை.

எந்த ரோட்டில் ஓடப் போகிறது?

ஜீரோ கேட், திருவொற்றியூர், மணலி, மீஞ்சூர் என்று துறைமுக ஓட்டம் மட்டும் என்றால் நிலம் தட்டை. மேம்பாலத்தைத் தவிர ஏற்றம் கிடையாது. இங்கே எதிரி கியூ. முதல் கியரில் பத்தடி நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்து கிளட்ச் பிளேட் தீய்கிறது. பிஎஸ்-6 வண்டி என்றால் இன்னொரு செலவும் உண்டு: நீண்ட நேரம் ஐடிலிங்கில் நிற்கும்போது புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும், புகையைச் சுத்திகரிக்கும் ஆட்புளூ திரவம் தீர்ந்தால் எஞ்சின் சக்தி குறையும். இந்த ஓட்டத்துக்கு 300 குதிரைத்திறன் வண்டி வாங்கினால் தவணைதான் ஓடும், வண்டி நிற்கும். கிளட்ச், பிரேக், டயர் நன்றாக இருக்கிற நடுத்தர ஹார்ஸ் போதும்.

ஓசூர், கோயம்புத்தூர் என்று லைன் ஓட்டம் போனால் கதை வேறு. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாயில் லோடு வண்டி ஏறுவதைவிட இறங்குவதுதான் பயங்கரம். எக்சாஸ்ட் பிரேக் வேலை செய்யாத வண்டியோடு அந்தப் பக்கம் போகக் கூடாது. அங்கே கூடுதல் குதிரைத்திறனுக்குக் கொடுக்கிற காசுக்கு அர்த்தம் உண்டு.

காசிமேட்டுக் காற்றில் உப்பு அதிகம். ஏர் டேங்கின் அடிப்பக்கம், ஸ்பிரிங் பட்டைகளின் இடுக்கு, டர்ன் டேபிளைத் தாங்கும் சேசிஸ் பகுதி, ஒயரிங் இணைப்புகள் ஆகிய இடங்களில் துரு முதலில் பிடிக்கும். புது பெயின்ட் பளபளப்பில் மயங்காமல் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். டிரெய்லருக்குத் தனி ஆர்சி, தனி எஃப்சி, தனி இன்சூரன்ஸ் உண்டு. ஹார்ஸின் காகிதத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

சின்ன வண்டிக்கும் இதே கணக்கு

அமெரிக்காவில் குடும்பங்கள் காருக்குப் பின்னால் மடக்குக் கூடார கேம்பர் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகின்றன. நம் பக்கம் அது அபூர்வம். கேரளா 2021-ல் கொண்டுவந்த கேரவன் சுற்றுலாத் திட்டமும் பெரும்பாலும் தானே ஓடும் வண்டிகளை நம்பியது. ஆனாலும் படகு, ஜெனரேட்டர், கம்ப்ரசர் என்று சிறு டிரெய்லரை இழுப்பவர்கள் இங்கேயும் உண்டு. அவர்களுக்கும் கேள்விகள் அவையேதான். டிரெய்லரின் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் காரின் கொக்கியில் விழ வேண்டும். குறைந்தால் பின்னால் இருப்பது வாலாட்டும். வண்டி நிறுவனம் இழுவை எடை எவ்வளவு என்று எழுதித் தராத காரில் கொக்கி மாட்டாதீர்கள்.

வாங்குவதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். காலி ஜோடியை எடை மேடையில் ஏற்றி எடை பாருங்கள். ஆர்சியில் உள்ள மொத்த எடையிலிருந்து அதைக் கழித்து, மிஞ்சுகிற டன்னில் உங்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் லோடு அடங்குகிறதா என்று கணக்குப் போடுங்கள். லோடு ஏற்றிய டிரெய்லரை மாட்டி, ஒரு முறை இழுத்தும் இரண்டு முறை நிறுத்தியும் பாருங்கள். இந்த மூன்றுக்கும் சம்மதிக்காத புரோக்கரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.