உறுமியைக் கண்டு விழிக்கும் கணினி

சென்ற மாதம் சுங்கை பட்டாணியில் ஒரு கலியாண விருந்து. அங்கே பாட்டுப் போட்டவன், தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்த பையன். இன்று ஒரு மடிக்கணினியும் இரண்டு ஒலிபெருக்கியும்தான் அவன் பிழைப்பு. புதுப் பாட்டுகள் ஒன்றோடொன்று இழைந்து ஓடின. மாப்பிள்ளையின் தாத்தா கேட்டாரே என்று ஒரு பழைய படப் பாட்டை இணைத்தான். அரை நிமிடத்தில் இரண்டு தாளமும் முட்டிக்கொண்டன. ஆடியவர்கள் நின்றுவிட்டார்கள். "இனிமேல் பழைய பாட்டே வேண்டாம் சார்" என்றான். அந்தச் சொல்தான் என்னை உறுத்தியது.

கணினி தாளத்தை எப்படிப் பிடிக்கிறது என்று பாருங்கள். பாட்டை நொடியில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத் துண்டு துண்டாக அரிந்து, எந்தத் துண்டில் ஓசை திடீரென்று எழுகிறது என்று தேடுகிறது. அடி விழுந்த இடம் அது. அந்த எழுச்சி எவ்வளவு நேரத்துக்கு ஒரு தரம் திரும்புகிறது என்று கணக்கிடுகிறது. அரை நொடிக்கு ஒன்று என்றால் நிமிடத்துக்கு 120 அடி. பிறகு, கோடு போட்ட நோட்டுப் புத்தகம் போலப் பாட்டு முழுவதும் சம இடைவெளியில் கோடு கிழித்துக்கொள்கிறது. 'சிங்க்' பொத்தானை அமுக்கினால், இரு பாட்டின் கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துவிடும்.

1980-இல் ரோஜர் லின் என்ற அமெரிக்கர், நிஜ மேளத்தின் ஒலியைப் பதித்த தாள இயந்திரத்தை வெளியிட்டார். இயந்திரம் அடித்த பாட்டுக்கு இந்தக் கோடு அச்சாகப் பொருந்தும். பழைய பாட்டோ, வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தது. பல்லவியில் 120 இருந்தால் சரணத்தில் 121 ஆகும். ஓர் அடிதானே என்கிறீர்களா? நிமிடத்துக்கு ஓர் அடி விலகினால், முப்பதாவது நொடியில் ஒரு பாட்டின் அடி மற்றதன் அடிகளுக்குச் சரியாக நடுவில் விழும். விருந்தில் நடந்தது இதுதான்.

உறுமி இன்னும் சங்கடம். ஒரு முகத்தை அடிக்கிறோம், மற்ற முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறோம். அந்த முனகல் மெல்ல மெல்ல எழுவது. திடீர் எழுச்சியைத் தேடும் கணினி விழிக்கிறது. மும்மூன்றாக நடக்கும் அடியை இரண்டிரண்டாக எண்ணிக்கொள்வதும் உண்டு. (லயம் என்றால் நமக்கு வீடு, சங்கீதக்காரருக்குத் தாள ஓட்டம். லயத்தில் பிறந்தவனுக்கு இது பிடிபடாமல் போகுமா!)

இதை யோசித்தவர்கள் இருக்கிறார்கள். 2011-இல் ஸ்பெயினில் பார்சலோனாவின் பொம்பேவ் ஃபப்ரா பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் சேவியர் செர்ரா 'காம்ப்மியூசிக்' என்ற ஆய்வைத் தொடங்கினார். சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்துகொண்டது. ஆதி, ரூபகம், மிஸ்ர சாபு, கண்ட சாபு ஆகிய தாளங்களில் 176 கர்நாடக இசைப் பதிவுகளை எடுத்து, சமம் எங்கே, அடிகள் எங்கே என்று மனிதர் காதால் கேட்டுக் குறித்தார்கள். அஜய் ஸ்ரீனிவாசமூர்த்தி அங்கே 2016-இல் இதைப்பற்றியே ஆய்வேடு எழுதினார். இது இன்ன தாளம் என்று முன்னமே சொல்லிக்கொடுத்தால், கணினி சமத்தைத் தேடிப் பிடிப்பது எவ்வளவோ மேலாகிறது. பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துவிட்டுக் கணக்குக் கொடுப்பது போலத்தான். உறுமிக்கும் யாராவது இப்படி உட்கார்ந்து அடி குறித்தால் நன்றாயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பையனும் நானும் உட்கார்ந்தோம். அவன் வைத்திருப்பது 'மிக்ஸ்' என்ற இலவசச் செயலி. அதில் 'தாளவேகம் மாறாது' என்று கொள்ளும் ஒரு குறி இருக்கிறது. அதை எடுத்துவிட்டுப் பாட்டை மறுபடி ஆராயவிட்டோம். கோடுகள் ஓரளவு நெருங்கின. முதல் அடி தவறி நின்ற இடத்தில், காதால் கேட்டுக் கோட்டை நகர்த்தினான். சரணத்தில் அப்போதும் நழுவியது. அங்கே 'சிங்க்' பொத்தானை விட்டுவிட்டு, தட்டின் ஓரத்தை விரலால் மெல்லத் தள்ளித் தள்ளிச் சேர்த்தான். மூன்றாம் முறை சரியாக விழுந்தது.

வருகிற சனிக்கிழமை பீடோங்கில் ஓர் அறுபதாம் கலியாணம். அந்தப் பழைய பாட்டைப் பட்டியலில் சேர்த்திருக்கிறான்.