ஜெனரேட்டர் வாங்கலாமா? வாங்குமுன் ஒரு கணக்கு



மழைக் காலம் நெருங்கினால் ஒரே கேள்வியைப் பல பேர் கேட்கிறார்கள். "ஐயா, டவுனில சின்ன ஜெனரேட்டர் விக்கிறாங்க, கையிலேயே தூக்கிட்டு வரலாம், தவணைக்கும் குடுக்கிறாங்க. ஒன்னு வாங்கிப் போடலாமா?"

கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2022 இல் நாடு முழுக்க மின்வெட்டு. அந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பட்டப்பகலில் முழு இலங்கைக்கும் கரண்ட் போனது. அதே வருடம் நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் பாதை, போஸ்ட், கம்பி எல்லாம் மண்ணோடு போய், பல இடங்களில் நாட்கணக்கில் இருட்டு. பிள்ளைக்குப் பரீட்சை, போனில் சார்ஜ் இல்லை, வெளிச்சம் இல்லை என்றால் யாருக்கும் ஒரு மெஷின் இருந்தால் நல்லது என்றுதான் தோன்றும்.

என் பதிலை முதலிலேயே சொல்லி விடுகிறேன். ஒரு லயக் காம்பராவுக்கு, ஒரு குடும்பத்துக்கு மட்டும் என்றால் இந்த மலிவு மெஷின் வேண்டாம். முழு லயமும் சேர்ந்து, அல்லது கோயில் கமிட்டியோ மரண சகாய சங்கமோ சேர்ந்து, கொஞ்சம் நல்ல மெஷினாக வாங்கினால் அது வேறு கதை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

கடையில் ஆகக் குறைந்த விலைக்கு இருப்பது டூ ஸ்ட்ரோக் மெஷின். பெற்றோலோடு ஒயில் கலந்து ஊற்ற வேண்டும். பெட்டியில் 950 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பார்க்கிறவர் 950 வொட் என்று நினைப்பார். பின்னால் ஒட்டியிருக்கும் சிறிய தகட்டை வாசித்தால் தொடர்ந்து கொடுக்கும் சக்தி 650 வொட் என்று இருக்கும். பெரிய எழுத்து ஒரு சில வினாடி தாங்கும் அளவு. சின்ன எழுத்துத்தான் உண்மையில் நமக்குக் கிடைப்பது.

அதிலும் நாம் மலையில் இருக்கிறோம். உயரம் போகப் போகக் காற்று ஐதாகும், எஞ்சினுக்கு மூச்சு போதாது. ஆயிரம் அடி ஏறினால் நூற்றுக்கு மூன்று, மூன்றரை வீதம் சக்தி குறையும் என்பது எஞ்சின் கணக்கு. ஹட்டன் பக்கம் 4000 அடிக்கு மேல். நுவரெலியா 6000 அடிக்கு மேல். அங்கே அந்த 650 வொட் மெஷின் 520 வொட் கொடுத்தால் பெரிய காரியம். கொழும்புக் கடையில் ஓட்டிக் காட்டிய மெஷின் நம் லயத்துக்கு வந்ததும் இருமுவதற்கு இதுவும் ஒரு காரணம். காற்றுக் குறைந்து பெற்றோல் கூடுவதால் புகையும் கூடும்.

500 வொட்டில் என்ன செய்யலாம்? எல்.ஈ.டி பல்ப் ஒன்று 9 வொட். சாதாரண எல்.ஈ.டி டிவி 50, 60 வொட். போன் சார்ஜர் பத்துக்குள். இவை தாராளமாக ஓடும். ஆனால் அயன் 1000 வொட், கரண்ட் கேத்தல் 1500க்கு மேல். குத்தினவுடனே மெஷின் அடங்கிப் போகும். ரைஸ் குக்கர் சின்னதாக இருந்தாலும் சந்தேகம்தான். பிரிட்ஜ் ஓடும்போது 150 வொட் போதும், ஆனால் அதன் மோட்டார் கிளம்பும் நேரத்தில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். கிளம்ப முடியாமல் முனகிக்கொண்டு நின்றால் கருகுவது பிரிட்ஜ் மோட்டார்.

"இன்சுலின் வைக்க பிரிட்ஜ் வேணுமே" என்று கேட்பவர்கள் உண்டு. திறக்காத மருந்து குளிரில் இருக்க வேண்டும், சரி. ஆனால் பாவிக்கத் தொடங்கிய போத்தலை வெயில் படாத, 25 பாகைக்கு மேல் போகாத இடத்தில் நான்கு வாரம் வரை வைக்கலாம். நம் குளிர் தோட்டங்களில் இது கஷ்டமான காரியமே அல்ல. உங்கள் மருந்துக்கு எப்படி என்று தோட்ட டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளுங்கள். இதற்காக மட்டும் மெஷின் வாங்கப் போகாதீர்கள்.

இனி பெற்றோல் கணக்கு. நான்கு பல்ப், ஒரு டிவி, ஒரு போன் என்று எல்லாம் சேர்த்து 100 வொட். இவ்வளவு சின்ன வேலைக்கும் எஞ்சின் சுற்றித்தானே ஆக வேண்டும்? மணித்தியாலத்துக்கு அரை லீட்டர் அளவில் குடிக்கும். மாலை 6 மணியில் இருந்து 10 மணி வரை 2 லீட்டர். கணக்குச் சுலபமாக இருக்க லீட்டர் 300 ரூபா என்று வைப்போம், அன்றன்றைய விலையைப் போட்டு நீங்களே திருத்திக் கொள்ளுங்கள். ஒரு இரவுக்கு 600 ரூபா. அந்த 600 ரூபாவுக்குக் கிடைத்த மின்சாரம் எவ்வளவு? 100 வொட் நான்கு மணித்தியாலம் என்றால் 0.4 யுனிட். அதாவது யுனிட் ஒன்று 1500 ரூபா! கரண்ட் பில்லில் யுனிட் என்ன விலை என்று எடுத்துப் பாருங்கள். இதில் ஒயில் காசும், டவுனுக்குப் போய்வர த்ரீவீலர் காசும் சேரவில்லை. 2022 ஜூன் கடைசியில் பெற்றோல் லீட்டர் 470 ரூபாவுக்குப் போனது, அதுவும் நாள் கணக்கில் கியூவில் நின்றுதான். கரண்ட் இல்லாத காலத்தில் பெற்றோலும் இல்லாமல் போகும் என்பதை அந்த வருடம் நன்றாகக் காட்டியது. அதற்காக வீட்டுக்குள் கேனில் சேர்த்து வைப்பதும் கூடாது. அடுப்பு எரியும் காம்பராவில் பெற்றோல் கேன் வைத்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தவணை விஷயமும் ஒன்று. சம்பள நாளில் வேன் வந்து நிற்கும். "மாதம் 4500 தான் அக்கா" என்பான். மெஷினின் ரொக்க விலை 40,000 என்று வைத்துக் கொண்டால், 12 மாதத்தில் நீங்கள் கட்டுவது 54,000. மெஷின் ஆறாம் மாதம் நின்று போனாலும் தவணை நிற்காது. ஏற்கனவே சில்லறைக் கடனும் சீட்டும் கட்டி வருகிற பெண்கள்தான் இதற்கும் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதைப் பார்த்து வருகிறேன்.

காசை விடுவோம். காசு போனால் பேர் போட்டு உழைக்கலாம். நான் அதிகம் பயப்படுவது புகைக்கு.

பெற்றோல் எஞ்சின் புகையில் ஒரு நச்சு வாயு இருக்கிறது. பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் காபனோரொட்சைட்டு என்று போட்டிருக்கும். இதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. நம் வீட்டு விறகுப் புகை கண்ணைக் கரிக்கும், இருமல் வரும், உடனே கதவைத் திறப்போம். இது அப்படி எச்சரிக்காது. இரத்தத்தில் ஒட்சிசன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்து கொள்ளும். ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக் கொள்ளும். முதலில் தலையிடி, தலைச்சுற்று, வாந்தி. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, காய்ச்சல் வரப் போகிறது என்று நினைத்துப் படுத்து விடுவார்கள். தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

இப்போது நம் லயத்தை நினைத்துப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா. குளிருக்கு ஜன்னலை அடைத்து, ஓட்டைக்குச் சாக்கு வைத்திருப்போம். பழைய லயங்களில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, தகரத்துக்குக் கீழே இந்தக் காம்பராவுக்கும் அந்தக் காம்பராவுக்கும் திறந்தபடி இருக்கும். பக்கத்து வீட்டில் பேசுவது நமக்குக் கேட்பது போல, பக்கத்து வீட்டுப் புகையும் நமக்கு வரும். மெஷின் வாங்கியவர் ஒருத்தர், மூச்சு முட்டுவது நான்காம் காம்பராவில் தூங்கும் குழந்தைக்கு. ஆகவே இதை அவரவர் சொந்த விஷயம் என்று விட முடியாது.

மெஷினை வெளியில்தான் வைப்போம் என்பீர்கள். ஆனால் கரண்ட் போவது மழையில். மழையில் மெஷின் நனையக் கூடாது, திருட்டுப் பயமும் உண்டு. கடைசியில் அது இஸ்தோப்புக்கு வரும், அங்கிருந்து குசினிக்கு வரும். இஸ்தோப்பும் வீட்டுக்குள்தான் என்று எண்ணிக் கொள்ளுங்கள். கதவு ஜன்னலில் இருந்து ஆகக் குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் லயத்துக்கு எதிர்ப்பக்கம் பார்த்து, தனியாகக் கூரை போட்டு வைக்க வேண்டும். எத்தனை பேர் வாசலில் அந்த 20 அடி இருக்கிறது? அடுத்த லயத்தின் கூரை அங்கே ஆரம்பித்து விடும்.

மெஷின் ஓடும் இடத்தில் யாருக்காவது தலைச்சுற்றோ வாந்தியோ வந்தால் மெஷினை நிறுத்தும் வரை நிற்காதீர்கள். முதலில் ஆட்களை வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்து, 1990 க்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள். காசு இல்லை. புகை பட்டது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர்களும் வேறு நோய் என்று நினைக்கலாம்.

இன்னொரு கெட்ட பழக்கம். ஒரு வயரின் இரண்டு பக்கமும் பிளக் மாட்டி, ஒன்றை ஜெனரேட்டரிலும் மற்றதைச் சுவர் சொக்கெட்டிலும் குத்தி வீடு முழுக்க வெளிச்சம் எடுப்பது. இப்படிச் செய்தால் நம் 230 வோல்ட் மீட்டர் வழியாக வெளிக் கம்பிக்குப் போகும். டிரான்ஸ்போமருக்குப் போனால் அது தலைகீழாக வேலை செய்து 11,000, 33,000 வோல்ட் ஆக்கி விடும். கரண்ட் இல்லை என்று நம்பி மழையில் போஸ்டில் ஏறி நிற்கும் லைன்காரப் பையனைக் கொன்று விடுவோம். வயர் நேராக மெஷினில் இருந்து பல்புக்கு வரட்டும். சுவர்ப் பக்கம் போகவே வேண்டாம்.

அப்படியானால் இருட்டில் உட்காரவா என்று கேட்பீர்கள். நாலைந்து மணித்தியால மின்வெட்டுக்கு சார்ஜ் பல்ப் போதும். கரண்ட் உள்ளபோது சாதாரண பல்ப் மாதிரி எரியும், போனால் மூன்று நான்கு மணித்தியாலம் தானாக எரியும். இரண்டு மூன்று இரவுப் பெற்றோல் காசுக்கு ஒன்று வாங்கலாம். போனுக்கு ஒரு பவர் பேங்க். படிக்கிற பிள்ளை இருந்தால் 12 வோல்ட் சின்ன பெட்டரி ஒன்றும் இரண்டு 5 வொட் பல்பும் வைத்தால் ஒரு இரவு முழுப் படிப்புக்கும் போதும். மண்ணெண்ணெய் விளக்கை விட இவை கண்ணுக்கும் நல்லது, கூரைக்கும் நல்லது.

டித்வா நேரம் போல நாட்கணக்கில் கரண்ட் இல்லாவிட்டால் இவை இரண்டாம் நாளில் செத்து விடும், உண்மைதான். சோலார் தகடு உதவும், ஆனால் அந்த நாட்களில் நம் பக்கம் பனிமூட்டம், வெயில் வராது. அப்போது போன் என்பது பேச்சுக்கு மட்டும் அல்ல. மண்சரிவு எச்சரிக்கை வருவதும் அதில், 117 க்கு அடிப்பதும் அதில். 2014 அக்டோபர் 29 இல் மீரியபெத்தையில் காலையில் மலை இறங்கி வந்ததை நாம் மறக்கவில்லை. இங்கேதான் பொது மெஷினுக்கு வேலை இருக்கிறது. ஒரு போனுக்கு 10 வொட் என்றால் 40 போனுக்கும் 400 வொட்தான். இரண்டு கிலோவொட் போர் ஸ்ட்ரோக் மெஷின் ஒன்றைக் கோயில் பக்கமோ பிள்ளைமடுவத்துக்குப் பின்பக்கமோ தள்ளி வைத்து, மாலையில் இரண்டு மணித்தியாலம் ஓட்டினால் முழு லயத்தின் போனும் சார்ஜ் பல்பும் நிறைந்து விடும். இளைப்புக்காரருக்கு நெபுலைசரும் பிடிக்கலாம். 30 குடும்பம் பங்கு போட்டால் பெற்றோல் ஒரு ஆளுக்கு ஒரு பிளேன்டீ காசுக்கு வராது. இழவு வீடு, திருவிழா என்று வாடகை மெஷினுக்குக் கொடுக்கும் காசும் சங்கத்துக்கே மிஞ்சும்.

இப்படிச் சேர்ந்து வாங்கினால் பொறுப்பாக இரண்டு பேரை மட்டும் வையுங்கள். எல்லாரும் கயிறு இழுத்தால் ஒரு மாதத்தில் கயிறு கையோடு வந்து விடும். மாதம் ஒரு தடவை பத்து நிமிடம் ஓட்ட வேண்டும். பிறகு பெற்றோல் குழாயை அடைத்து, தானாக நிற்கும் வரை விட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் காபரேட்டரில் பெற்றோல் பிசினாகி, தேவையான அன்றைக்குக் கிளம்பாது. போன், டிவி எதையும் மெஷின் ஓடி நிதானமான பிறகு குத்தி, நிறுத்துவதற்கு முன் கழற்ற வேண்டும்.

கடைக்குப் போகும்போது ஒரு மெக்கானிக் தம்பியையோ கரண்ட் பாஸையோ கூட்டிப் போங்கள். தகட்டில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். சொக்கெட் நம் ஊர்ப் பிளக்குக்குப் பொருந்த வேண்டும், நெருப்புக்குச்சி செருகி வயர் மாட்டும் வேலை வேண்டாம். பிரபலமான பெயரில் ஒரு எழுத்தை மாற்றி அடித்த மெஷின்களும் வருகின்றன, பெயரை எழுத்துக் கூட்டி வாசியுங்கள். உதிரிப் பாகம் பக்கத்து டவுனில் கிடைக்குமா என்று கேளுங்கள். பத்து பல்பாவது மாட்டி அரை மணித்தியாலம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வரண்டி எத்தனை மாதம் என்பது பில்லிலேயே எழுதியிருக்க வேண்டும், பில்லைச் சங்கத்தின் பைலில் வையுங்கள். கடைக்காரர் பின்னால் கை விரித்தால் அந்தப் பில்லோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 க்கு அடித்து முறைப்பாடு கொடுக்கலாம்.