கணினி விளையாட்டிற் படியெடுப்புத் தடை

ஒரு பொருளைக் கள்வர் கொள்ளாவண்ணம் காத்தல் அதனை ஆக்கினோர்க்கு உரியதாகும். ஆயின், காவலின்பொருட்டு இட்ட பூட்டானது கள்வனை விடுத்து உடையவனையே வாயிலில் நிறுத்துமேல், அக்காவலின் தன்மையை ஆராய்தல் வேண்டும். விலைகொடுத்து வாங்கிய கணினி விளையாட்டுக்கள் பலவற்றில் இன்று நிகழ்வது இதுவே. விளையாட்டைப் பற்றி ஆசிரியன் ஒருவன் கல்லூரி மலரில் எழுதுதல் தகுமோ என்று வினவுவார் உளராகலாம். ஓவியமும் இசையும் கதையும் ஒருங்கு கூடிய ஆக்கங்கள் அவை. நம் மாணவரின் மாலைப்பொழுதிற் பெரும்பகுதியைக் கொள்வனவும் அவையே. ஆதலின், அறியாதிருத்தல் ஆசிரியர்க்கு அழகன்று.

சில ஆண்டுகளுக்கு முன், தம்பலகாமத்தில் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனுக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த அவன் தாய்மாமன் விளையாட்டு இறுவட்டு ஒன்றைக் கொணர்ந்து கொடுத்தார். கணினியில் இட்டபோது, இணையத்தின் வழியே பதிவு செய்தாலன்றித் திறவேன் என்றது அது. வீட்டிலோ இணைய இணைப்பு இல்லை. கணினிப் பெட்டியைச் சாக்கிற் சுற்றிப் பேருந்தில் ஏற்றித் திருகோணமலைப் பட்டணத்துக்குக் கொண்டுசென்று பதிவு செய்துவந்தான். பின்னர்க் கணினி பழுதுற்றது. திருத்தியபின் மீண்டும் பதிய வேண்டியதாயிற்று. மூன்றாம் முறைக்குப்பின், பதிவு எண்ணிக்கை முடிந்தது என்ற சொற்றொடரே திரையிற் கண்டது. அவன் தோழன் கடையொன்றில் முந்நூறு ரூபாவுக்கு வாங்கிய கள்ளப்படியோ இட்டவுடன் ஓடிற்று. “சேர், காசு குடுத்து வாங்கினவனுக்குத்தானே இந்தத் தண்டனை?” என்று அவன் கேட்டான். அன்று அவனுக்கு விடைகூற என்னால் இயலவில்லை.

இத்தடைகளின் வரலாறு நாற்பதாண்டுக்கு மேற்பட்டது. 1980ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்திற் பரவிய சிறு கணினிகளுக்கு விளையாட்டுக்கள் ஒலிநாடாவில் விற்கப்பட்டன. பாட்டுப் பதியும் கருவிகள் இரண்டு உடைய எவரும் அந்நாடாவைப் படியெடுக்கலாம். எனவே, நாடாவிற் பதியாத ஒன்றை அதனோடு சேர்த்து விற்றனர். 1984இல் வெளிவந்த ‘ஜெற் செற் வில்லி’ என்னும் விளையாட்டோடு வண்ணக் கட்டங்கள் அச்சிட்ட அட்டை ஒன்று வந்தது. திரை கேட்கும் கட்டத்தின் நிறங்களைச் சரியாகக் குறித்தாலன்றி விளையாட்டுத் தொடங்காது. வண்ணத்திற் படியெடுக்கும் பொறி அக்காலத்தில் அரிது. நிறங்களைப் பிரித்தறிய மாட்டாத கண்ணுடையோரும் பணங்கொடுத்து வாங்குவர் என்பதை இதனை வகுத்தோர் எண்ணிலர் போலும். அடுத்து, ‘எலீற்’ என்னும் விளையாட்டின் ஒரு பதிப்போடு பிளாத்திக்கு வில்லை ஒன்று வந்தது. திரையிற் சிதைந்து தோன்றும் எழுத்துக்களை அதனூடே நோக்கி வாசித்தல் வேண்டும். தொலைக்காட்சித் திரை மிகச் சிறிதாயினும் மிகப் பெரிதாயினும் அவ்வில்லை பயன்படவில்லை. பெட்டிகள் சிலவற்றில் வேறொரு விளையாட்டுக்குரிய வில்லையை மாறி வைத்து அனுப்பியும்விட்டனர்.

இறுவட்டுக் காலத்திற் பூட்டு வட்டினுள்ளேயே புகுந்தது. வட்டை ஆக்குவோர் சில இடங்களில் வேண்டுமென்றே பிழைகளை அமைப்பர். வீட்டுக் கணினி அவ்வட்டைப் படியெடுக்கும்போது அப்பிழைகளைத் திருத்திவிடும். அன்றேல் எழுதமாட்டாது நின்றுவிடும். விளையாட்டுத் தொடங்குமுன் அப்பிழை உண்டோ எனத் தேடும், காணாதாயின் ஓடாது. பிழையின்மையே குற்றமாயிற்று! பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடத்தின் வழுக்களைக் களையும் பதிப்பாசிரியர் கேட்பின் நகுவர். இவ்வகையினதாகிய ‘சேஃப்டிஸ்க்’ என்னும் பூட்டு, கணினியின் இயக்க அமைப்பினுள் ஆழமாகத் தன் பகுதியொன்றை நிறுவிக்கொள்வது. அதனாற் கணினியின் பாதுகாப்புக்கே ஊறு நேர்ந்தது. 2015இல் வெளிவந்த ‘விண்டோஸ் 10’ அப்பகுதியை ஏற்க மறுத்தது. அன்றுமுதல், முறையாக வாங்கிப் பேணிய பழைய வட்டுக்கள் பல அப்புதிய அமைப்பில் வாளா கிடந்தன. பூட்டு நீக்கப்பட்ட கள்ளப்படிகளுக்கோ அவ்விடர் இல்லை.

வட்டின் பூட்டுக்கள் உடைந்தபின், பதிவு முறை வந்தது. 2008இல் ‘ஸ்போர்’ என்னும் விளையாட்டை வெளியிட்ட நிறுவனம், ஒருவர் மூன்று முறையே பதியலாம் என வரையறுத்தது. வாங்கியோர் ஆயிரக்கணக்கில் இணையக் கடையிற் கண்டனம் எழுதியபின் அவ்வெண் ஐந்தாக உயர்ந்தது. விளையாட்டு விற்பனைக்கு வருமுன்னரே அதன் பூட்டு உடைந்து, தடையற்ற படி உலகெங்கும் பரவியிருந்தமை ஈண்டுக் கருதத்தக்கது. 2010இல் ‘யூபிசொஃப்ட்’ நிறுவனம் தனியே விளையாடும் விளையாட்டுக்கும் இணையத் தொடர்பு இடையறாது வேண்டும் என விதித்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அந்நிறுவனத்தின் வழங்கிகள் தாக்கப்பட்டுச் செயலிழந்தபோது, வாங்கியோர் கைகட்டி இருந்தனர்.

இவ்விதி நம்நாட்டிற்கு எத்துணைப் பொருந்தும்? 2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. அவ்வாண்டின் முற்பகுதியிலேயே டொலரின் விலை ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவாக உயர்ந்தது. 60 டொலர் விலையுள்ள விளையாட்டு ஒன்று 12,000 ரூபாவிலிருந்து 21,000 ரூபாவைக் கடந்தது என்பது இதன் பொருள். அத்துணைப் பணம் கொடுத்து வாங்கியபின்னும் இணையம் அறுந்தவுடன் நின்றுவிடுமாயின், கள்ளப்படியை நாடும் இளைஞனுக்கு நாம் கூறும் அறிவுரை வலியிழக்கின்றது. களவு களவே; அதனை யான் ஆதரித்திலேன். ஆனால், நேர்மையுடையான் கள்வனினும் தாழ்ந்த பொருளைப் பெறுதல் நேர்மைக்குத் துணையாகாது.

ஆக்குவோர் பக்கத்தையும் நோக்குதல் முறை. நூற்றுக்கணக்கானோர் பல்லாண்டு உழைத்த ஆக்கத்தின் விற்பனை பெரும்பாலும் முதற் சில வாரங்களிலேயே நிகழ்கின்றது. ‘டெனுவோ’ என்னும் பூட்டைப் பற்றி 2024இல் வெளியான ஆய்வொன்று, அப்பூட்டு முதல் வாரத்திலேயே உடையின் வருவாயில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறையும் என்றும், பன்னிரண்டு வாரங்கள் கடந்தபின் உடையின் இழப்பு இல்லை என்னும் அளவினதே என்றும் காட்டிற்று. ஆகவே, பூட்டினாற் பயனே இல்லை என்பார் கூற்று முழுதும் உண்மையன்று. ஆயின், பயன் மூன்று மாதத்ததாயின், பூட்டு மட்டும் என்றும் இருப்பானேன்? சில நிறுவனங்கள் காலங்கழித்து அதனைத் தாமே நீக்கிவிடுதலும் உண்டு.

நம் சட்டம் இருபக்கமும் நோக்குகின்றது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கணினி நிரலை முறையாகப் பெற்றவர் அது பழுதுறினும் அழியினும் ஈடாகும்பொருட்டு ஒரு படி எடுத்துவைக்க இடந்தருகின்றது. படித்தடையை முறியடிக்கவென அமைந்த கருவிகளை விற்பனைக்காக ஆக்குதலையும் இறக்குமதி செய்தலையும் அதே சட்டம் விலக்குகின்றது. படியெடுக்க உரிமை உண்டு. திறப்புக் கடையிற் கிடையாது.

படியெடுத்தல் என்பதனைக் களவென்று மட்டும் கொள்ளுதல் தமிழர்க்கு இயலாது. கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்தனர். அக்கோயிலின் தொழும்பு முறைகளைக் கூறும் கோணேசர் கல்வெட்டு, பெயராற் கல்வெட்டாயினும், ஏட்டிற் பெயர்த்தெழுதப்பட்டு வந்தமையாலன்றோ நம்மை அடைந்தது! சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தமைக்கு, முன்னோர் படியெடுத்த ஏடுகளே முதலாயின. பூட்டிய பேழைகளிற் செல்லரித்தவை எத்துணையோ! படி பெருகாத நூல் உடையவனோடு அழிகின்றது. விளையாட்டின் நிலையும் அதுவே. 2014இல் விற்பனைக்கு வந்த ‘த குரூ’ என்னும் விளையாட்டின் வழங்கி 2024 மார்ச்சு 31ஆம் நாள் நிறுத்தப்பட்டது. அன்றுடன், தனியே விளையாடுவார்க்கும் அது இயங்காதாயிற்று. அதன்பின் ஐரோப்பாவில் எழுந்த முறையீடு, விற்ற விளையாட்டைப் பயன்படாததாக்கலாகாது என்று கோரிப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களை 2025இற் பெற்றது. கலிபோர்ணியா மாநிலமோ, விற்கப்படுவது உரிமமே, உடைமையன்று என்பதை வாங்குவோர்க்குத் தெளிவாக உரைத்தல் வேண்டும் என 2024இற் சட்டம் இயற்றியது.

வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர், ஊரிலுள்ள பிள்ளைகளுக்கு விளையாட்டு வாங்கி அனுப்புமுன், இடையறாத இணையம் வேண்டுமோ, எத்தனை முறை பதியலாம் என்பவற்றைப் பெட்டியின் பின்புறத்துச் சிற்றெழுத்தில் வாசித்தல் நலம். 2008 முதல் பூட்டின்றியே விளையாட்டுக்களை விற்றுவரும் ‘ஜி.ஓ.ஜி’ போன்ற இணையக் கடைகளும் உள. அவற்றில் வாங்கியதை ஒரு சிறு நினைவகத்திற் படியெடுத்து அனுப்பினால், தம்பலகாமத்தில் இணையம் இல்லாத வீட்டிலும் அது ஓடும். கணினி பழுதுற்று மாற்றினாலும் ஓடும்.