விஞ்ஞான வரலாற்றை ஓர் ஆசிரியரிடம் கற்பது எப்படி?

புலம்பெயர்ந்த எமது வீடுகளில் ரியூசனுக்குக் குறைவில்லை. கணிதம், பௌதிகம், இரசாயனம் என்று சனி, ஞாயிறு முழுவதும் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அதே வீடுகளில் கேள்வி கேட்பாரில்லாமல் இன்னொரு பாடமும் நடக்கிறது. அணுவை முதலில் அறிந்தவன் தமிழன், கிரகணத்தைக் கணித்தவர்கள் எம் முன்னோர் என்று வட்ஸ்அப்பில் வருவதை எல்லாம் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறோம். பள்ளிக்கூடத்திலோ விஞ்ஞானம் என்றால் கலிலியோ, நியூற்றன், டார்வின். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பிள்ளை எல்லாவற்றையும் நம்பிவிடலாம். அல்லது வளர்ந்த பிறகு நாம் சொல்லும் எதையுமே நம்பாமல் விடலாம். இரண்டுமே எமக்கு இழப்புத்தான்.

இந்த இடத்தில் கைகொடுக்கக்கூடிய துறை விஞ்ஞான வரலாறு. யார் எதை முதலில் கண்டுபிடித்தார் என்று பட்டியல் போடுவது அதன் வேலை அல்ல. ஒரு காலத்து மனிதர் எதை அறிந்திருந்தார், அதை எப்படி அறிந்தார், மற்றவர்கள் ஏன் ஏற்றார்கள் அல்லது மறுத்தார்கள் என்று சான்றுகளோடு கேட்பதே அதன் வேலை. இதைத் தனியே புத்தகம் வாசித்துப் பழகுவது கடினம். கேள்வி கேட்கும் ஓர் ஆசிரியர் வேண்டும்.

ஆசிரியர் என்றதும் ஊர் ரியூசன் கொட்டில்தான் எமக்கு நினைவு வரும். நூறு பேர் இருக்க, ஒருவர் நோட்ஸ் சொல்ல, கடந்தகால வினாத்தாள் செய்து முடிப்போம். பரீட்சைக்கு அது உதவியது. விஞ்ஞான வரலாற்றுக்கு உதவாது. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் வேறொரு முறை இருக்கிறது. ஆசிரியர் ஒரு கேள்வியும் வாசிக்க வேண்டிய சில நூல்களும் கொடுப்பார். மாணவர் வாசித்து, கட்டுரை எழுதிக்கொண்டு போவார். ஒரு மணிநேரம் அந்தக் கட்டுரையைப் பற்றியே கதைப்பார்கள். நோட்ஸ் கிடையாது. "இதை எப்படி அறிந்தாய்?" என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். வியன்னா பொது மருத்துவமனையில் 1840களில் இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. முதலாவதில் மருத்துவ மாணவர்களும் இரண்டாவதில் மருத்துவிச்சிகளும் பயின்றார்கள். 1846இல் முதற்பிரிவில் 100 தாய்மாரில் 11 பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டாவதில் 3 பேருக்கும் குறைவு. பிணங்களை அறுத்துப் பரிசோதித்த கைகளோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வருவதே காரணம் என்று இக்னாஸ் செம்மல்வைஸ் முடிவு செய்தார். 1847 மே மாதத்தில் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். ஏப்ரலில் 18.3 வீதமாக இருந்த இறப்பு, யூனில் 2.2 வீதமாகக் குறைந்தது.

அறிவாளி ஒருவர் உண்மை சொன்னார், மூடர்கள் மறுத்தார்கள் என்று ஒரு பிள்ளை இதை எழுதிக்கொண்டு வரும். நல்ல ஆசிரியர் அங்கேதான் நிறுத்துவார். செம்மல்வைஸ் தன் நூலை எப்போது வெளியிட்டார்? 1861இல். அவ்வளவு காலம் மற்ற வைத்தியர்கள் எதை வாசித்து நம்புவது? இந்தக் காய்ச்சலை வைத்தியர்களும் மருத்துவிச்சிகளுமே காவிச் செல்கிறார்கள் என்று 1795இல் ஸ்கொட்லாந்தின் அலெக்சாண்டர் கோர்டனும், 1843இல் அமெரிக்காவின் ஒலிவர் வென்டெல் ஹோம்சும் எழுதியிருந்தார்களே? கிருமிகள் பற்றிய கொள்கை நிலைபெறாத காலத்தில், கையில் ஒட்டியிருப்பது என்னவென்று எப்படி விளக்குவது? இவற்றுக்குப் பதில் தேடும்போது மூடர்கள் என்ற சொல் கட்டுரையில் இருந்து தானாகக் கழன்று விழும். இன்றைய அறிவை வைத்து அன்றைய மனிதருக்குப் புள்ளி போடக்கூடாது என்பதே முதற்பாடம்.

அதே 1847இல்தான் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் இருந்து வைத்தியம் பார்த்தார். எமது இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் தமிழிலும் கற்பித்தார். மாணவர்களின் துணையோடு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 'இரண வைத்தியம்' 1867இலும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் 'கெமிஸ்தம்' 1875இலும் அச்சாகின. அறுவைச் சிகிச்சையில் கிருமியழிப்பு முறை பற்றி ஜோசப் லிஸ்டர் தன் கட்டுரைகளை வெளியிட்டதும் 1867இல்தான். ஆசிரியர் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய கேள்வி இது: அதே ஆண்டில் வந்த தமிழ் நூல் புண்ணைப் பற்றி என்ன சொல்கிறது? அது எந்த ஆங்கில நூலின் எந்தப் பதிப்பில் இருந்து வந்தது? புதிய சொற்களை எப்படி ஆக்கினார்கள்?

இதற்குப் பழைய தமிழ் வாசிக்கத் தெரிய வேண்டும். பிள்ளைக்கு அது தடக்கும். அம்மம்மாவுக்கோ தாத்தாவுக்கோ தடக்காது. எமது வீடுகளில் ஒரு விஞ்ஞானப் பாடத்துக்குப் பெரியவர்களே தேவைப்படும் அபூர்வமான சந்தர்ப்பம் இது.

கிரகணக் கதைக்கும் வருவோம். அது வெறும் பெருமைப் பேச்சு அல்ல, சான்று உண்டு. சென்னை வானாய்வகத்தில் முன்னர் பணியாற்றிய ஜோன் வாரன், புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் கண்டார். அவர் மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு, நிலத்தில் சோழிகளை அடுக்கி, 1825 மே கடைசியில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம். நடு நேரத்தில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். வாரன் இதைத் தன் 'கால சங்கலித' நூலில் பதிந்தார். 1952இல் ஒட்டோ நொய்கபவர் என்ற வரலாற்றாசிரியர் இதை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். இந்தக் கணிப்பில் வரும் 248 நாள் சுற்று பழைய பபிலோனியக் கணிதத்திலும் உண்டு. ஆகவே, அறிவு நாடு விட்டு நாடு நடந்திருக்கிறது. பிழையின் அளவையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அந்தக் கணிதரின் திறமை மற்றவர்களுக்கும் விளங்கும்.

இன்னொரு கடினமான விடயமும் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அந்த இழப்பை நாம் மறக்க மாட்டோம். ஆனால் எல்லாம் அதற்குள் இருந்தது என்று சொல்லி, சான்றில்லாத கூற்றுகளுக்கு அந்தச் சாம்பலைச் சாட்சியாக்கவும் கூடாது. எஞ்சியிருப்பவற்றைக் கவனமாக வாசிப்பதே அழிந்தவற்றுக்கு நாம் செய்யும் மரியாதை.

தொடங்க விரும்பும் குடும்பங்களுக்குச் சில வழிகள். வரலாறு அல்லது விஞ்ஞான வரலாறு படிக்கும் பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவரைத் தேடுங்கள். இணையவழியில் கற்பித்தாலும் போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு கேள்வி, ஒரு மூலநூல் பகுதி, இரண்டு பக்கக் கட்டுரை என்று வையுங்கள். கட்டுரையை ஆசிரியரோ நாமோ கணினியோ எழுதிக் கொடுக்கக் கூடாது. முதல் வகுப்பிலேயே ஆசிரியர் பதில்களை அள்ளித் தந்தால் வேறொருவரைப் பாருங்கள். ஈழத்துப் பழைய நூல்கள் பல 'நூலகம்' இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரித்தானியாவில் இருப்பவர்கள் ஒக்ஸ்போர்ட் விஞ்ஞான வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லலாம், அனுமதி இலவசம்.

இதற்குப் பரீட்சையும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஆனால் சில மாதங்களில் வீட்டில் ஒரு மாற்றம் தெரியவரும். வட்ஸ்அப்பில் வந்ததை நாம் வாசித்துக் காட்டும்போது, "இதை எப்படி அறிந்தார்கள்?" என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்குக் கோபப்படாமல், பிள்ளையோடு சேர்ந்திருந்து பதில் தேட நாமும் பழகிக்கொள்ள வேண்டும்.