காங்கேயத்தில் கிளுவை, நெடுந்தீவில் பவளம்!

‘நெடுந்தீவு அருகே மீனவர்கள் கைது’ என்று பேப்பரில் அடிக்கடி வருமே, அதே நெடுந்தீவுதான். “ஊட்டிக்குக் கூப்பிட்டா, இந்த மனுஷன் நியூஸுக்கே கூட்டிட்டுப் போறாரு!” என்று அம்மிணி ஊரெல்லாம் தமுக்கடித்தாள்.

நாகையில் கப்பல் ஏறினால் நாலு மணி நேரத்தில் காங்கேசன்துறை. (2023 அக்டோபரில் ஆரம்பித்த சர்வீஸ். மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், விசாரித்துவிட்டு லீவு போடுங்கள். பாஸ்போர்ட் கட்டாயம்.) யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் குறிகட்டுவான். அங்கிருந்து படகில் நயினாதீவு நாகபூஷணி அம்மன் பக்கம். நெடுந்தீவு ஒரு மணி நேரம்.

இடிந்த கோட்டை, வெள்ளைக்காரன் விட்டுப்போன குதிரைகளின் வாரிசுகள், ஆள் புகுந்து நிற்கும் பெருக்கமரம் எல்லாம் உண்டு. அம்மிணி நின்றது என்னவோ வேலியோரம்தான். சாந்தே இல்லாமல் பவளக்கல்லை அடுக்கியே கட்டியிருக்கிறார்கள். “ஏனுங்க, நம்மூர் கிளுவை வேலியாட்டம் காட்டுக்குக் காடு பிரிச்சிருக்காங்க பாருங்க!”

பல வேலிகளுக்குள் வீடுதான் இல்லை. யுத்தத்தில் போனவர்கள் திரும்பவில்லை.

திரும்பும் படகில் ஒரு பெரியவர் 1985 மே 15 பற்றிச் சொன்னார். இதே கடலில், ‘குமுதினி’ படகில் போன பயணிகளை வெட்டிக் கொன்ற நாள். குறைந்தது 23 பேர்.

“கோயம்புத்தூரோ? என்ர தங்கச்சி பூலுவபட்டி முகாமில இருக்கிறா.”

அம்மிணி பேனா எடுத்து விலாசம் குறித்துக்கொண்டாள். போன ஞாயிறு டவுன் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.